மகள் என்று எழுதிய கார்டு

“உங்கம்மா பேர் என்ன, அனு?”

நாலாம் வகுப்பில் ஜெயஸ்ரீ டீச்சர் கேட்ட கேள்வி அது. முன் பெஞ்சுப் பிள்ளைகள் எல்லாம் டக்டக்கென்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். அனுவின் முறை வந்ததும் எழுந்து நின்று முழித்தாள்.

வீட்டில் நைனா அம்மாவை எப்படிக் கூப்பிடுவார்? “இந்தா” என்பார். சோறு வேண்டுமென்றால் “இந்தா”. சட்டைப் பொத்தான் அறுந்தால் “இந்தா”. அம்மாவைக் காணோமென்றால் தெருவில் இறங்கி நின்று, இன்னும் கொஞ்சம் சத்தமாக “இந்தா”.

“இந்தா, டீச்சர்” என்றாள் அனு.

வகுப்பே சிரித்தது. சாயங்காலம் அழுதுகொண்டே வீட்டில் வந்து சொன்னபோது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நைனா மட்டும் சிரிக்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

இப்போது அனுவுக்கு இருபது வயது. செஞ்சி பஜாரில் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து பொழுதுக்கும் ஊரார் பேரையெல்லாம் டைப் அடிக்கிறாள். ஆனாலும் டீச்சர் கேட்ட கேள்விக்கு இன்னும் அவளால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. போன வாரம்தான் அது நன்றாகத் தெரிந்தது.

போன வாரம் அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சமையல் உதவியாளர் வேலை கிடைத்தது. மூன்று வருஷமாக எழுதிப் போட்டுக் காத்திருந்த வேலை. தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாள். மறுநாள் சான்றிதழ் சரிபார்க்க உட்கார்ந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எட்டாம் வகுப்புச் சான்றில் பூவாயி. ஆதாரில் ஷோபனா.

“ரெண்டும் ஒரே ஆள்தான்னு தாலுகாவுலேர்ந்து எழுதி வாங்கிட்டு வாம்மா. திங்கக்கிழமை வரைக்கும்தான் டைம். இல்லாட்டி லிஸ்ட்ல அடுத்த ஆளக் கூப்புட்டுருவோம்.”

பூவாயி ஷோபனா ஆன விதம் ஊரறிந்ததுதான். கல்யாணமாகி வந்த வீட்டில் மாமியார் பேரும் பூவாயி. பெற்றவள் பேரைச் சொல்லிக் கட்டியவளை எப்படி வாடி போடி என்பது? மருமகளைப் பேர் சொல்லித் திட்டினால் அது மாமியாரைத் திட்டியதாகாதா? மூன்றாம் நாளே மாமியார் ஒரு பேர் எடுத்து வைத்தாள். ஷோபனா. ரேஷன் கார்டிலும் அதே பேர் இருந்தது. அதைக் காட்டி வாக்காளர் அட்டை, அதைக் காட்டி ஆதார். மண்டகப்பட்டில் பிறந்த பூவாயி, தாய் வீட்டார் வாயில் மட்டும் மிச்சமிருந்தாள்.

அம்மாவுக்கு அதில் வருத்தம் கிடையாது. வருத்தப்பட விடாமல் செய்தது அந்த ரேஷன் கார்டுதான். அதில் ‘ஷோபனா’ என்ற பேருக்கு நேராக ‘மருமகள்’ என்று இல்லை. ‘மகள்’ என்று இருந்தது.

கடையில் முதல் முறை அதைப் பார்த்தபோது அம்மா வயிற்றில் அனு ஏழு மாசம். வீட்டுக்கு ஓடி வந்து, “தப்பா எழுதிட்டாங்க அத்த” என்றாளாம். மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “எழுதுனது எழுதுனதுதான். நீ மகதான்” என்றாளாம்.

இந்தக் கதையை அம்மா சொல்லி அனு நூறு தடவையாவது கேட்டிருப்பாள். யாராவது மாமியார் கொடுமை பற்றிப் பேச்செடுத்தால் போதும், அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை. காலை முதல் பஸ்ஸில் தங்கராஜ் மாமா மண்டகப்பட்டிலிருந்து வந்து இறங்கினார். அம்மாவின் அண்ணன். அம்மா படித்த பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கிய சான்று நகலை பிளாஸ்டிக் கவரில் போட்டு, அந்தக் கவரைத் துண்டில் சுற்றி, துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

“இந்தா பூவாயி. ஹெட்மாஸ்டர் கையெழுத்து, சீலு எல்லாம் இருக்குது.”

“உள்ள வாண்ணா. இட்லி வெந்துடுச்சி.”

“வர்றேன். மாப்ள எங்க? எங்க வூட்டுப் பொண்ணு பேர அழிச்ச மகராசன் எங்க?”

டெம்போவுக்கு அடியிலிருந்து பச்சைமுத்து தலையை நீட்டினார். அனுவின் நைனா. நெல் மூட்டையை மார்க்கெட் கமிட்டிக்கு ஏற்றிப் போகிற குட்டி யானை வண்டி அவருடையது. ஆறு மூட்டையைத் தனியாளாக இறக்குவார். ஆறு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டார்.

“வாங்க மச்சான்.”

“இன்னா வாங்க? இருவத்தோரு வருசமாச்சி. எம் தங்கச்சிய ஒரு தபா பேர் சொல்லிக் கூப்புட்டிருப்பியா? பூவாயின்னு வாணாம்யா, நீங்க வெச்ச ஷோபனான்னாவது கூப்புட்டிருப்பியா?”

“ஏண்ணா, காலையிலயே அவரப் போட்டுக் கிண்டற” என்று அம்மா சிரித்தாள். “அவரு கூப்புடறது எனக்குத் தெரியும். வுடு.”

இட்லி சாப்பிட்டுக்கொண்டே அனு விஷயத்தைச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் இன்றைக்கு முகாம். குடும்பப் பதிவேட்டைப் புதிதாக எழுதுகிறார்கள். இந்த முறை படிவத்தில் பேருக்கு இரண்டு வரி விட்டிருக்கிறார்கள். முதல் வரியில் சட்டப்படியான பேர். இரண்டாவது வரியில் வழங்கும் பேர். இரண்டையும் சேர்த்துப் பதிந்து கொடுத்துவிட்டால் பள்ளிக்கூடத்தில் அப்புறம் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள்.

“நான்தான் அங்க டைப் அடிக்கறேன் மாமா. எங்க கடையிலேர்ந்து அனுப்பறாங்க. பழைய ரேஷன் கார்டு எத்தினி இருக்குதோ அத்தினியும் எடுத்துனு வரச் சொன்னாங்க.”

நைனாவின் கையில் இட்லி நின்றது.

“பழசு எதுக்கு? ஆதார் இருக்குதுல்ல?”

“கேக்கறாங்க நைனா.”

“அதெல்லாம் எங்க கெடக்குதோ. அரிச்சிப் போயிருக்கும்.”

“இன்னாத்த அரிச்சி?” என்றாள் அம்மா. “அத்தையோட மஞ்சப்பை பொட்டியிலதான் இருக்குது. நான் தொறந்து பாக்கறதில்லியே தவிர, வருசா வருசம் ரசகற்பூரம் போட்டுத்தான் வெக்கறேன்.”

நைனா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். தட்டில் இரண்டு இட்லி அப்படியே இருந்தது. மாமா நடவு ஆள் வந்திருக்கும் என்று அவசரமாக மண்டகப்பட்டு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார். போகிறபோது, “ஒரு வரியிலயாவது பூவாயின்னு எழுதிட்டு வாம்மா அனு, உனக்குப் புண்ணியமாப் போவும்” என்றார்.

நைனாதான் இருவரையும் வண்டியில் ஏற்றி மண்டபத்தில் இறக்கிவிட்டார். வழக்கமாக இறக்கியதும் கிளம்பிவிடுகிறவர், அன்றைக்கு வண்டியை வேப்பமரத்து நிழலில் ஓரங்கட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். கல்யாணத்துக்குக் கட்டிய தோரணத்தைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. மணமேடைக்குக் கீழே மேஜை போட்டு தாலுகா ஆபீஸ் மணிமொழி மேடம் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் கம்ப்யூட்டரோடு அனு. சமையல்கட்டுப் பக்கம் ஒரு பானையில் நீர்மோர் வைத்திருந்தார்கள்.

இரண்டாவது வரி என்றதும் ஊர் ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெரியவர் தன் பட்டப்பேரை எழுதச் சொன்னார். அவர் மருமகள், “அய்ய, அது வாணாம் மேடம், நாளைக்கு எம் புள்ளைக்குப் பொண்ணு பாக்கணும்” என்று கெஞ்சினாள்.

பதினோரு மணிக்குச் சிவப்புப் புடவையில் ஒருத்தி வந்து நின்றாள். நெற்றியில் பெரிய பொட்டு. சான்றில் எழிலரசன் என்று இருந்தது.

“ரெண்டாவது வரியில?” என்று கேட்டார்கள் மேடம்.

“தமிழினி.”

அனு அடித்தாள். தமிழினி எட்டிப் பார்த்தாள்.

“கண்ணு, அந்த ரெண்டாவது வரிய மட்டும் கொஞ்சம் பெருசாப் போட முடியுமா?”

“எல்லாம் ஒரே அளவுதாங்க்கா வரும்.”

“பரவால்ல. எனக்குப் பெருசாத்தான் தெரியுது.”

மேடம்கூடச் சிரித்துவிட்டார்கள். தமிழினி அச்சடித்த காகிதத்துக்காக அம்மா பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேரும் ஒருத்தர் காதை ஒருத்தர் கடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

“எங்க மாமியாரு என்னிய மருமகள்னே எழுதல தெரியுமா? மகள்னுதான் எழுதுனாங்க” என்று அம்மா சொல்வது அனு காதில் விழுந்தது.

“குடுத்து வெச்சவக்கா நீ” என்றாள் தமிழினி. அவள் அதை மனசாரச் சொன்னாள்.

அம்மாவின் படிவம் வந்தது. மேடம் மஞ்சள் பையை மேஜையில் கவிழ்த்தார்கள். ரசகற்பூர வாசனை எழுந்தது. மேலே இருந்தது இரண்டாயிரத்து ஐந்தில் கொடுத்த கார்டு. அம்மா பெருமைப்படுகிற கார்டு. அதற்கும் அடியில் இன்னொன்று, அட்டை உரிந்து, நூல் பிரிந்து கிடந்தது. அவலூர்பேட்டை விலாசம். குடும்பம் செஞ்சிக்கு வருவதற்கு முன்னால் அங்கேதான் இருந்தது.

மேடம் ஒரு பக்கத்தைத் திருப்பினார்கள். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்கள். அப்புறம் அதை மெதுவாக அனு பக்கம் நகர்த்தினார்கள்.

“அனு, உங்கம்மாவுக்குக் கல்யாணம் எந்த வருஷம்?”

“ரெண்டாயிரத்து நாலு, தை மாசம்.”

“இது தொண்ணூத்தி எட்டு.”

அனு பார்த்தாள். மசி மங்கிய எழுத்தில் இருந்தது. ஷோபனா. மகள். வயது பன்னிரண்டு.

தொண்ணூற்றெட்டில் அம்மா மண்டகப்பட்டில் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அவலூர்பேட்டை எந்தத் திசை என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது.

“வெளிய உங்கப்பா இருக்கார்ல? கேட்டுட்டு வா” என்றார்கள் மேடம், குரலைத் தாழ்த்தி. “அதுவரைக்கும் நான் வேற ஆளப் பாக்கறேன்.”

அனு கார்டைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நைனா வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தார். கார்டைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

“யாரு நைனா இது?”

“பாப்பா.”

பாப்பாவை அனுவுக்குத் தெரியும். நைனாவின் தங்கை. பதினேழு வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள்; அவலூர்பேட்டையில்தான் புதைத்தார்கள். வீட்டுச் சுவரில் இரட்டைச் சடையோடு போட்டோ இருக்கிறது. கன்னியாகச் செத்தவள் என்பதால் வருஷா வருஷம் வீட்டுத் தெய்வமான பூவாடைக்காரிக்குப் படையல் போடும்போது அவளுக்கென்று புதுப்பாவாடை வைத்துக் கும்பிடுவார்கள். மாமியார் காலத்துக்குப் பிறகு அம்மாதான் அதை விடாமல் செய்கிறாள். கடை கடையாக ஏறி, பாப்பாவுக்குப் பிடிக்கும் என்று யாரோ சொன்ன மாம்பழ நிறத்திலேயே தேடி எடுப்பாள். ஆனால் வீட்டில் அவள் எல்லோருக்கும் பாப்பாதான். அவளுக்கு வேறொரு பேர் இருக்கும் என்று அனு ஒரு நாளும் நினைத்ததில்லை.

“பள்ளிக்கூடத்துலயும் கார்டுலயும் மட்டும் ஷோபனா. வூட்ல பாப்பா” என்றார் நைனா. “செத்தப்போ கார்டுலேர்ந்து பேர எடுக்கணும்னாங்க. சர்டிபிகேட்டு குடுக்கணும். அம்மா குடுக்கல. எம் பொண்ணு பேர எங் கையால அடிக்க மாட்டேன்னுச்சி. அடுத்த வருசம் உங்கம்மா வந்தா. அவ பேரு எங்கம்மா பேரு. வயசும் பாப்பா வயசு.”

“அதனால?”

“அதனால அந்தப் பேரையே தூக்கி அவளுக்கு வெச்சிட்டுது. கார்டுல அடிக்கவும் வாணாம், சேக்கவும் வாணாம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் தலமேல கைய வெச்சி சத்தியம் வாங்கிச்சி.”

அனு பலகையில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவர் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதே இல்லை.

“அதான் நீ அம்மாவ பேர் சொல்லியே கூப்புடலயா?”

“எப்புடிம்மா கூப்புடறது? ஒண்ணு பெத்தவ பேரு. இன்னொண்ணு கூடப் பொறந்தவ பேரு. நான் வாயத் தொறந்தா யாரு திரும்புவா?” அவர் கட்டைவிரலால் பலகையைத் தேய்த்தார். “உங்கம்மாவுக்குத் தெரிய வாணாம் அனு. மகள்னு எழுதுன அந்த ஒரு வார்த்தைய வெச்சிக்கினுதான் அவ இந்த வூட்ல இத்தினி வருசம் நிமிந்து நின்னா.”

பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. இரண்டு பேரும் திரும்பினார்கள்.

அம்மா நின்றிருந்தாள். இரண்டு கையிலும் இரண்டு டம்ளர் நீர்மோர். ஒன்று தளும்பி அவள் புடவையில் வழிந்திருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்தால் போதுமான நேரம் நின்றிருக்கிறாள் என்று தோன்றியது.

“இந்த வெயிலுக்கு வெளிய உக்காந்துனுருக்கீங்களேன்னு எடுத்துனு வந்தேன்” என்றாள். “குடிங்க.”

நைனா வாங்கினார். குடிக்கவில்லை.

“குடிங்கன்னேன்.”

குடித்தார்.

அம்மா காலி டம்ளரை வாங்கி, இன்னொன்றோடு சேர்த்துப் பலகையில் வைத்தாள். கார்டை அனுவின் கையிலிருந்து எடுத்தாள். எட்டாவது வரை படித்தவள். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். ‘மகள்’ என்ற இடத்தில் விரல் நின்றது. அழுவாள் என்று அனு நினைத்தாள். அம்மா அழவில்லை.

“வருசா வருசம் பாப்பாவுக்குப் பாவாட எடுத்து வெக்கறேன்” என்றாள் மெதுவாக. “அவ பேர எம்மேல போத்தி வெச்சிருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.”

“அம்மா...” என்றாள் அனு.

“இரு. நீ பேசாத. உள்ள வாங்க ரெண்டு பேரும். மேடம் காத்துனு இருப்பாங்க.”

மேஜைக்கு முன்னால் மூன்று பேரும் நின்றார்கள். மணிமொழி மேடம் முகங்களைப் பார்த்தே பாதி புரிந்துகொண்டார்கள். மீதியை அம்மாவே, பிசிறில்லாமல், நாலு வரியில் சொன்னாள். சொல்லி முடித்ததும் பின்வரிசையில் தமிழினி மூக்கை உறிஞ்சினாள்.

“முதல் வரியில சிக்கல் இல்லம்மா” என்றார்கள் மேடம். “ஸ்கூல் சான்று இருக்கு. பூவாயி. ரெண்டாவது வரி உங்க இஷ்டம். ஷோபனான்னு போட்டா ஆதாரோட சேந்துக்கும். திங்கக்கிழமை நீங்க வேலைக்குப் போகலாம்.”

“போடலைன்னா?”

“ஆதார்லேர்ந்து ஒவ்வொண்ணா பேர மாத்திட்டு வரணும். மாசக்கணக்காகும். வேலை உங்களுக்காகக் காத்திருக்காது. அப்புறம்...” மேடம் கொஞ்சம் தயங்கினார்கள். “அந்தப் பொண்ணு பேரு எந்தப் பதிவுலயும் இருக்காது. அதோட முடிஞ்சிடும்.”

நைனா நிமிர்ந்து பார்த்தார்.

அனுவின் விரல்கள் எழுத்துப் பலகை மேல் இருந்தன. ‘பூவாயி’ என்று மேல் வரியில் அடித்திருந்தாள். கீழ் வரி காலி. ‘ஷோபனான்னே சொல்லிடும்மா’ என்று மனசுக்குள் கெஞ்சினாள். ஒரே ஒரு வார்த்தை. வேலையும் கிடைக்கும், பாப்பாவும் இருப்பாள்.

அம்மா நைனா பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. காய்ச்சல்காரனை மருந்து குடிக்கச் சொல்கிற குரல்.

“நான் அந்தப் பேர வாணாம்னு சொல்லலங்க. பாப்பா பேர சொமக்கறது எனக்கு ஒண்ணும் பாரமில்ல. ஆனா இதுவரைக்கும் கேக்காம வெச்சீங்க. இப்ப கேளுங்க. அத்த இல்ல. நீங்கதான் இருக்கீங்க.”

மண்டபத்தில் யாரோ குழந்தையை அதட்டினார்கள். மின்விசிறி கடகடத்தது.

“பூவாயின்னு கூப்புடுவீங்களோ, ஷோபனான்னு கூப்புடுவீங்களோ, உங்க இஷ்டம். உங்க வாயால ஒரு தபா கூப்புடுங்க. எந்தப் பேரச் சொல்லிக் கூப்புடறீங்களோ அதையே எம் பொண்ணு அடிக்கட்டும். கூப்புடலைன்னா அந்த வரி அப்பிடியே இருக்கட்டும். எனக்கு வேலையும் வாணாம்.”

“அஞ்சு மணி வரைக்கும் நான் இருப்பேன்” என்றார்கள் மேடம், யாரையும் பார்க்காமல்.

நைனா அம்மாவைப் பார்த்தார். வாய் திறந்தது. அம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். இருபத்தோரு வருஷம் கழித்து அந்த முகத்தில் ஒரு புதுப்பெண்ணின் ஆசை எட்டிப் பார்த்ததை அனு அப்போதுதான் பார்த்தாள். சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

நைனா திறந்த வாயை மூடிக்கொண்டார்.

நைனா மேஜை மேலிருந்த பழைய கார்டை எடுத்தார். பிரிந்த நூலைச் சரிசெய்து, சட்டைப் பையில், நெஞ்சுப் பக்கம் வைத்துக்கொண்டார். இடுப்பிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அனுவின் கை அருகே வைத்தார். அவர் யாரிடமும் அந்தச் சாவியைக் கொடுத்ததே கிடையாது.

பிறகு வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவே தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, பாப்பா கிடக்கும் அவலூர்பேட்டைக்கு பஸ் நிற்கும் பக்கமாக நடந்து போனார்.